கோயில் தளச் சூடும் சர்க்கரை நோயாளிகளின் பாதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்னி நட்சத்திரம் தொடங்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. சித்திரைத் திருவிழாக்களும், விடுமுறைக் கோயில் பயணங்களும், நேர்த்திக்கடன்களும் இந்த நாட்களில்தான் கூடி வரும். ஒவ்வோர் ஆண்டும் இதே பருவத்தில் நீரிழிவுப் பாதப் பிரிவுகளுக்கு ஒரே மாதிரியான புண்ணோடு ஆட்கள் வருகிறார்கள். இரண்டு உள்ளங்கால்களிலும் பெருவிரலின் அடி, முன்பாதம், குதிகால் என்று தரையில் அழுந்தும் இடங்களில் மட்டும் பெரிய கொப்புளம் இருக்கும். தரையில் படாத நடுவளைவில் ஒன்றும் இருக்காது. எங்கே சுட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "கோயிலுக்குப் போய் வந்தேன், ராத்திரி படுக்கை விரிப்பு ஈரமாக இருந்தது, பார்த்தால் கொப்புளம்" என்பார்கள். சுட்ட அந்த நேரத்தில் கால் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மே மாத நண்பகலில் நேர்வெயில் விழும் கருங்கல் தளம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். வெளியே உள்ள தார்ச்சாலை அதற்குச் சளைத்ததல்ல. 49 டிகிரி வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் இருந்தாலே தோல் வெந்துவிடும். 60 டிகிரியில் சில விநாடிகள் போதும். உணர்வுள்ளவர்கள் அந்தத் தளத்தில் துள்ளித் துள்ளி ஓடி நிழலைப் பிடித்துவிடுகிறார்கள். அந்த ஓட்டம்தான் அவர்கள் காலைக் காப்பாற்றுகிறது. உணர்வு போனவர் சாவகாசமாக மூன்று சுற்று வருகிறார், கொடிமரத்தடியில் நின்று கும்பிடுகிறார், வரிசையில் கால் மாற்றாமல் நிற்கிறார்.

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாதபோது உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதலில் பழுதாகின்றன. அதனால்தான் மரமரப்பு விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. வலியையும் சூட்டையும் சொல்லும் மெல்லிய நரம்புகளோடு பாதிப்பு நின்றுவிடுவதில்லை. வியர்வையைத் தூண்டும் நரம்பு போவதால் பாதம் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகளுக்கான நரம்பு போவதால் விரல்கள் மடங்கி நகம்போல் வளைய, முன்பாத எலும்பின் முனைகள் கீழே துருத்துகின்றன. உடம்பின் பாரம் முழுவதும் அந்த முனைகளில் இறங்குகிறது.

இரண்டு தவறான எண்ணங்களை இங்கே சொல்லியாக வேண்டும். "எனக்குக் கால் எரிகிறதே, அப்படியானால் உணர்வு இருக்கிறது" என்பது ஒன்று. எரிச்சல் பழுதான நரம்பு தானாகக் கிளப்பும் சமிக்ஞை. கால் இரவெல்லாம் எரியும். அதே காலில் குண்டூசி இறங்கினாலும் தெரியாது. இரண்டும் ஒரே பாதத்தில் சேர்ந்தே இருக்கும். "கால் கதகதப்பாக இருக்கிறது, நரம்பு புடைத்துத் தெரிகிறது, அதனால் நல்ல கால்" என்பது மற்றது. வியர்வை நின்று, ரத்தக்குழாய் விரிந்த உணர்வற்ற கால் அப்படித்தான் இருக்கும்.

உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கருவி வேண்டாம்; இன்னொருவரின் ஆள்காட்டி விரல் போதும். சர்க்கரை உள்ளவர் காலுறையைக் கழற்றிப் படுத்து, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தொடுவது தெரிந்தால் "வலது" அல்லது "இடது" என்று சொல்ல வேண்டும். வீட்டில் உள்ள ஒருவர் விரல் நுனிகளை இந்த வரிசையில் தொடட்டும்: வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். ஒவ்வொன்றையும் இறகு பட்ட மாதிரி ஒன்றிரண்டு விநாடி தொட்டு எடுக்க வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடக் கூடாது. அழுத்தினால் ஆழத்தில் மிச்சமிருக்கும் வேறோர் உணர்வு பதில் சொல்லிவிடும். தெரியவில்லை என்றால் அதே விரலை மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் பாதங்களுக்குத் தங்களைக் காத்துக்கொள்ளும் உணர்வு போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவாகி, அந்த ஊர்ப் பெயரிலேயே வழங்கும் சோதனை இது.

மருத்துவமனைகளில் இதையே 10 கிராம் நைலான் இழையை வைத்துச் செய்கிறோம். தோலுக்குச் செங்குத்தாக வைத்து, இழை வளையும் வரை அழுத்தி, ஒன்றிரண்டு விநாடியில் எடுக்க வேண்டும். ஓர் இடத்துக்கு மூன்று முறை, அதில் ஒரு முறை தொடாமலேயே "இப்போது தெரிகிறதா?" என்று கேட்க வேண்டும். காய்த்துப்போன தோலின் மேல் வைத்துப் பார்ப்பது பயனற்றது. முகாம்களில் அதிகம் நடக்கும் பிழை ஒன்றுண்டு: ஒரே இழையால் ஐம்பது, அறுபது பேருக்குப் பார்ப்பது. பத்துப் பதினைந்து பேருக்குப் பிறகு இழை சோர்ந்து, 10 கிராமுக்குக் குறைந்த அழுத்தத்திலேயே வளைந்துவிடும். அதற்கு ஒரு நாள் ஓய்வு தேவை. இரண்டு மூன்று இழைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதுதான் சரி.

கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. கால் உணர்வு குறைந்தவர்கள் வெயில் ஏறுமுன் காலை எட்டு மணிக்குள் தரிசனத்தை முடித்துக்கொள்ளுங்கள். மாலை என்றால் நன்றாக இருட்டிய பிறகு போங்கள். சூரியன் இறங்கியதும் கல் உடனே ஆறிவிடாது. தளத்தில் காலை வைக்குமுன் உடன் வந்தவர், உணர்வுள்ளவர், தன் புறங்கையைத் தரையில் வைத்துப் பார்க்கட்டும். ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் நீங்களும் கால் வைக்கக் கூடாது. கெட்டியான பருத்திக் காலுறை சூட்டைச் சற்றுத் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது. வழுவழுப்பான கல்லில் வழுக்கவும் செய்யும். ஆகவே அதை நம்பி உச்சிவெயிலில் சுற்றக் கூடாது. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பழநிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடப்பவர்கள் நாள்கணக்கில் நடக்கிறார்கள். உணர்வில்லாத வெறுங்காலுக்கு இவை தாங்காது. பின்வார் வைத்த மெத்தென்ற காலணியோடு நடப்பதை வேண்டுதலுக்குக் குறைவாக யாரும் நினைக்க வேண்டாம். பூக்குழி இறங்க நேர்ந்துகொண்டவர்கள் கோயில் பெரியவர்களிடம் சொல்லி வேறு காணிக்கையாக மாற்றிக்கொள்ள வேண்டும். பள்ளிவாசலில் ஒளு செய்பவர்கள் கால் கழுவிய பின் விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துவது அவசியம். ஒரு நாளைக்கு ஐந்து முறை ஈரமாகி உலராமல் இருக்கும் இடுக்கில் சேற்றுப்புண் வந்து, அங்கிருந்து கிருமி உள்ளே போகும்.

சுட்டுவிட்டது தெரிந்தால் குழாயைத் திறந்து, சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காலைக் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், ரத்த ஓட்டம் குறைந்த காலில் அது இன்னொரு காயம். பற்பசை, மை, மஞ்சள், வாழைச்சாறு, காப்பித்தூள் எதுவும் போடக் கூடாது. போட்டால் புண்ணின் ஆழத்தை மருத்துவர் பார்க்கவே முடியாது. கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி, அந்தக் காலை ஊன்றாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டாகிறது என்பதையும் சொல்லுங்கள். வலிக்கவில்லையே, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் இரண்டு நாளில்தான் மேலோட்டமான சூட்டுப்புண் ஆழமான புண்ணாகிறது.

வெயில் மட்டும்தான் சுடும் என்றில்லை. கால் மதமதப்புக்கு வாளியில் வெந்நீரும் உப்பும் போட்டுக் காலை முக்குவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் வைத்தியம். உணர்வுள்ள காலுக்கு அது சுகம். உணர்வில்லாத காலுக்கு அந்த வாளி எவ்வளவு சூடு என்று தெரியாது. "இன்னும் கொஞ்சம் சூடாக ஊற்று" என்று கேட்டு வாங்கி வேகவைத்துக்கொள்கிறார்கள். ஒத்தடப் பையும் அப்படித்தான். கால் கழுவச் சாதாரணக் குழாய்த் தண்ணீரே போதும். வெந்நீர்தான் வேண்டுமென்றால் வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்த்து, உடம்புச் சூட்டைத் தாண்டாமல் கலந்து தரட்டும். டூவீலரின் பின்னால் உட்காருபவர்களுக்கு சைலன்சர், பழைய பேருந்துகளில் எஞ்சின் பக்கத்து இருக்கையில் சூடேறிய தகரத்தளம், லாரி ஓட்டுநர்களுக்குப் பெடலருகே தகிக்கும் தரை ஆகியவையும் நாங்கள் அடிக்கடி கேட்கும் காரணங்கள். நீண்ட பயணத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்காரும் பழக்கத்தை இவர்கள் விட வேண்டும்.

கால் ஆணிக்கு மருந்துக்கடையில் விற்கும் ஒட்டுப்பட்டை பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம். காய்ப்பையும் அரிக்கும், பக்கத்து நல்ல தோலையும் அரிக்கும். எரிந்தால் மற்றவர்கள் பிய்த்துப் போட்டுவிடுவார்கள், இவர்களுக்கு எரியாது. பிளேடால் சீவுவதும் வேண்டாம். ஆனால் காய்ப்பை அப்படியே விடவும் கூடாது. செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல்போல் அது உள்ளிருக்கும் சதையை நசுக்கிக்கொண்டே இருக்கும். மஞ்சள் நிறக் காய்ப்புக்கு நடுவே கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்துவிட்டது, அடியில் புண் தயாராகிவிட்டது என்று அறியலாம். பயிற்சி பெற்றவர் அதைச் சீவி எடுக்க வேண்டும்.

தினமும் செய்ய வேண்டியது சில நிமிட வேலைதான். இரவு படுக்குமுன், நல்ல வெளிச்சத்தில், மேல்பக்கம், உள்ளங்கால், குதிகால் ஓரம், விரலிடுக்கு நான்கு என்று ஒவ்வொரு பாதத்தையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது அதைவிட எளிது. கண்பார்வை மங்கியவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வதில் பயனில்லை. பேரன் பேத்தியிடம் காலை நீட்டத் தயங்க வேண்டாம். வெளிர்நிறக் காலுறை அணிந்தால் கசிவின் கறை தெரியும். கழுவி, ஒற்றித் துடைத்து, தேங்காய் எண்ணெயோ மருத்துவர் தரும் யூரியா களிம்போ மேலும் கீழும் தடவுங்கள். விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது. நகத்தைக் குளித்த பின் நேராக வெட்டி, மூலைகளை உள்ளே குடையாமல் அரத்தால் தேய்த்து விடுங்கள். பெண்கள் மெட்டிக்கு அடியிலும் பார்க்க வேண்டும். விரல் வீங்கும்போது மெட்டி இறுகியே இருக்கும். தரையில் படுப்பவர்களுக்கு எலி கடித்துக் காலையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிகிற நிலை இன்றும் இருக்கிறது. கட்டிலும் கொசுவலையும் அதைத் தடுக்கும்.

உணர்வில்லாத காலைப் பற்றிய இந்த அறிவின் பெரும்பகுதி தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தது. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதமும் அழிவது கிருமி தின்பதால் அல்ல, வலி தெரியாமல் அவற்றைப் பயன்படுத்துவதால்தான் என்று கண்டார்கள். அந்தக் கால்களுக்காகச் செய்த நுண்துளை ரப்பர் செருப்புதான் இன்று சர்க்கரை நோயாளிகள் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டு வாங்குவது. தொழுநோய்ச் செருப்பு என்ற கூச்சத்தில் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். மனசு வருத்தமாக இருக்கிறது. கூச்சப்பட அதில் ஒன்றுமே இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: உள்தட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அமுக்கினால் நன்றாக அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். அமுங்கியே கிடந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. அடித்தட்டு கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்ற ரப்பர் மட்டும் இருந்தால் சீமைக் கருவேல முள் நேராக ஏறிவிடும். ஆணி அடித்துச் சேர்த்திருக்கக் கூடாது, ஒட்டியோ தைத்தோ இருக்க வேண்டும். பின்வார் கட்டாயம். வெறும் ஹவாய் செருப்பில் இரண்டு தொல்லை: பெருவிரல் இடுக்கில் வார் உரசும், கழன்று விழுந்தாலும் தெரியாமல் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பார்கள். காலைவிட உட்புறம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமாக இருக்கட்டும். காகிதத்தில் நின்றபடி பாதத்தை வரைந்து வெட்டி, கடைக்கு எடுத்துப்போங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குங்கள். புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் போட்டுவிட்டு, கழற்றி, சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறை போடுமுன்னும் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவி, அடியில் முள் நிற்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் தனியாக ஒரு ஜோடி வேண்டும்.

புண் வந்தபின் மக்கள் அதிகம் கேட்பது "எந்த மருந்து போடலாம்?" என்பதைத்தான். உள்ளங்கால் புண்ணுக்கு முதல் மருந்து அதன் மேல் மிதிக்காதிருப்பது. காலையில் கட்டுப்போட்டுவிட்டு அதே காலில் பேருந்து ஏறி, சமையல்கட்டில் நின்று, கழிவறைக்கு நடந்தால், புதிதாக முளைக்கும் திசு ஒவ்வொரு அடியிலும் நசுங்கிச் சாகிறது. முழங்கால் வரை போடும் முழுத்தொடர்பு மாவுக்கட்டு பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பிக் கெண்டைக்கால்வரை எடுத்துக்கொள்கிறது. கழற்ற முடியாது என்பதே அதன் பலம். ஆனால் ரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ, சீழ் பிடித்திருந்தாலோ அதைப் போடக் கூடாது. முதலில் பாதத்தின் நாடித்துடிப்பைப் பார்க்க வேண்டும்.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு 2 சென்டிமீட்டருக்கு மேல் பரவினால், துர்நாற்றம் வந்தால், விரல் கறுத்தால், குளிர்காய்ச்சல் அடித்தால், காரணமின்றிச் சர்க்கரை ஏறினால் அன்றைக்கே மருத்துவமனை. நம் தோல் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. பளபளப்பு, வீக்கம், புறங்கையில் தெரியும் சூடு இவற்றைப் பாருங்கள். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சுட்டால் சுளுக்கு என்றோ யூரிக் அமிலம் என்றோ நினைத்து எண்ணெய் தேய்த்து நடக்க வேண்டாம். பாத எலும்புகள் உள்ளே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடக் கோளாறு தெரியாமல் இருக்கலாம். ஊன்றாமல் இருப்பது ஒன்றே அந்தப் பாதத்தின் வடிவைக் காக்கும்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்னது. அரசுக்கும் அறநிலையத் துறைக்கும் எங்கள் வேண்டுகோள்கள் பெரிய செலவில்லாதவை.

பல கோயில்களில் தேங்காய்நார் விரிப்பும் வெள்ளைக் குளிர்பூச்சும் போடுகிறார்கள், நன்றி. ஆனால் விரிப்பு பெரும்பாலும் வரிசை செல்லும் பாதையில் மட்டும் கிடக்கிறது, வெளிப்பிராகாரச் சுற்றில் பாதியில் நின்றுவிடுகிறது. சுற்று முழுவதும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அவ்வப்போது நனைக்க வேண்டும். செருப்புக் காப்பகம் பல இடங்களில் தெருவின் எதிர்ப்பக்கம் இருக்கிறது. செருப்பை அங்கே விட்டுவிட்டு வெறுங்காலோடு தார்ச்சாலையைக் கடந்துதான் கோபுர வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது. கோயிலுக்குள் கால் வைக்குமுன்பே சுட்டுவிடுகிறது. காப்பகத்தை வாசலை ஒட்டி நிழலில் அமைக்க வேண்டும். முடியாத இடத்தில் அதிலிருந்து வாசல் வரை பந்தலும் விரிப்பும் போட வேண்டும். "கால் உணர்வு குறைந்தவர்கள் துணிக் காலுறை அணிந்து வரலாம்" என்று ஒரு பலகை வைத்தால் தயங்குபவர்கள் தயங்க மாட்டார்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை தருகிறார்கள். மாத்திரை தரும்போது அந்த ஆறு விரல்களையும் தொட்டுப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவிட்டால், வீட்டைவிட்டு வெளியே வராத முதியவர்களின் பாதமும் கணக்கில் வரும். உணர்வு சரியாக இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். உணர்வு போனவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை. அதோடு ரத்த ஓட்டமும் குறைந்தாலோ, பாதம் கோணியிருந்தாலோ 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை. ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்களுக்கும் விரல் எடுத்தவர்களுக்கும் 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு முறை. புண் ஆறியவர்கள்தான் மறுபடி புண்ணோடு வருவார்கள். ஆறிவிட்டது என்று அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கூடாது.

எம்.சி.ஆர். செருப்பை ஆரம்ப சுகாதார நிலையங்களில் அளவெடுத்துத் தர ஏற்பாடு வேண்டும். தரும்போது அகலமான அளவுகளையும் சேர்த்து வாங்கி வையுங்கள். மடங்கிய விரல்களும் வீங்கிய முன்பாதமும் கொண்டவர்களுக்கு நீளம் சரியாக இருந்தாலும் வார் எட்டுவதில்லை. அவர்கள் அந்தச் செருப்பை வீட்டில் வைத்துவிட்டு மறுபடி ஹவாய் செருப்பில்தான் வருகிறார்கள்.

இப்படிக்கு,
நீரிழிவுப் பாதப் பராமரிப்புப் பணியாளர்கள்,
மதுரை.